கருகிய கிளட்ச் பிளேட்

தை 18, சனி.

புதன்கிழமையிலிருந்து எங்கள் காரில் இன்ஜின் அலறுகிறதே தவிர வண்டி நகர்வதில்லை. இன்று அதை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு அப்பாவுடன் நன்னிலம் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் கிளட்ச் பிளேட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாரு பாப்பா, உங்கப்பா அடுப்புல வாட்டியிருக்காரு!" என்று சிரித்தார். பிறகு அப்பாவிடம், "இது ஓடித் தேஞ்சது இல்லீங்கய்யா. கிளட்ச்ச பாதி மிதிச்சபடியே இன்ஜின முறுக்கிக்கிட்டு அங்குலம் அங்குலமா ஊர்ந்திருக்கீங்க" என்றார்.

"வயல் சேறு" என்றார் அப்பா.

அறுப்புக்காக வயலில் தண்ணீரை வடியவிட்டுப் பத்து நாளாகிறது. எங்கே இருக்கிறது சேறு?

புதனன்று எங்கள் வயலில் வேலை செய்யும் பெண்கள் கூலி கேட்டுக் களத்துப் பாதையை மறித்து உட்கார்ந்தார்கள். "வண்டிய நிறுத்திட்டுக் கும்பிட்டேன், எழுந்திரிச்சுட்டாங்க" என்றுதான் அப்பா வீட்டில் சொன்னார். மறுநாள் அதைப் பெருமையாக வகுப்பில் வள்ளியிடம் சொன்னேன். அன்று மறித்தவர்களில் அவள் அம்மாவும் ஒருவர். வள்ளி பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டாள். வீண் கோபம் என்று நினைத்தேன்.

புது பிளேட் போட்டதும் வண்டி நன்றாக ஓடியது. திரும்பும் வழியெல்லாம் நான் கிளட்ச்சை மிதிக்கும் அப்பாவின் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். வள்ளியின் அம்மா எழுந்தது அவர் கும்பிட்டதைப் பார்த்தா, ஊர்ந்து வந்த வண்டியைப் பார்த்தா?

திங்கட்கிழமை அதே பெஞ்சில்தான் நான் உட்கார வேண்டும்.