வெளிப் பெட்டியின் வெக்கை

நாவற்குடா,
மட்டக்களப்பு.
22.04.2007

அன்பு மகள் மங்கையற்கரசிக்கு,

ஷெல் சத்தத்துக்கு நடுவிலும் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நோர்வேக் குளிரில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டுகிறோம். உங்கள் புது வீட்டில் ஒரே மெஷின் மாரியில் சூடும் கோடையில் குளிரும் தருகிறதாம், எப்படி அப்பா என்று கேட்டிருந்தாய். முப்பது வருடம் பிரிட்ஜ் திருத்துகிறவனிடம் கேட்டாய், சொல்கிறேன், ஆனால் போன கிழமை அதே மாதிரி மெஷினால் பட்ட அருவருப்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மெஷின் ஒரு பக்கத்துச் சூட்டை எடுத்து மறுபக்கம் கொட்டுகிறது, அவ்வளவுதான். வீட்டுக்குள் ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, இரண்டுக்கும் நடுவே குழாயில் காஸ் ஓடும். வெளிப் பெட்டிக்குள் ஒரு சின்ன வால்வு இருந்து அந்தக் காஸ் ஓடும் திசையை மாற்றிவிடும். ஒரு திசையில் ஓடினால் வெளிச் சூடு உள்ளே வரும். பனிக் காற்றிலும் கொஞ்சம் சூடு இருக்கும், காஸ் அதைவிடக் குளிர்ந்துபோய் அதை உறிஞ்சிவிடும். திசை மாறினால் வீட்டுச் சூடு வெளியே போகும்.

இங்கே பள்ளிக்கூடத்தோடு ஒட்டிய ஒரு தொண்டு நிறுவன அலுவலகத்தில், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அப்படியொரு ஏசி இருக்கிறது. அதிகாரி றிமோட்டில் தவறுதலாகச் சூடு தரும் சூரியன் படத்தை அமத்திவிட்டார், வால்வு சூட்டுப் பக்கமே இறுகிப்போயிற்று. எப்படியும் குளிரும் என்று ஜன்னலைத் திறந்துவைத்து மூன்று நாள் ஓடவிட்டிருக்கிறார்கள். நான் போய் றிமோட்டைக் குளிருக்கு மாற்றி, வெளிப் பெட்டியில் சுத்தியல் பிடியால் நாலு தட்டுத் தட்டினேன், வால்வு இளகி அறை குளிர்ந்தது. சனத்தின் கஷ்டத்தைப் பற்றி இனித்தான் அறிக்கை எழுதலாம் என்று அதிகாரி மேசையில் காலைத் தூக்கிப் போட்டார். திரும்ப வெளியே வந்தேன். வெளிப் பெட்டி பார்த்தபடி இருக்கும் பள்ளிக்கூட வளவில், சண்டையால் வாகரையிலிருந்து இடம்பெயர்ந்த சனத்தின் தறப்பாள் கூடாரங்கள். இலட்சுமிப்பிள்ளை என்று ஒரு பெண் கைக்குழந்தையோடு ஓடிவந்து, “என்னத்தச் செஞ்சீங்க ஐயா? மூணு நாளா இந்தப் பெட்டியால குளிர்காத்து வந்திச்சு, புள்ள இதுக்கு முன்னாலதான் நித்திரை கொண்டான், இப்ப நெருப்பா அடிக்குதே” என்றாள். பிள்ளையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு பழுத்திருந்தது. அறைச் சூட்டை அள்ளி அந்த முகத்தில் கொட்டினது என் கைதான் மகள். திரும்பிப் போய் அதிகாரியிடம், பெட்டியைக் கூரைப் பக்கம் உயர்த்தித் தருகிறேன் என்றேன். சுவர் பழுதாகும் என்றார், “அவங்களத் தள்ளிப் படுக்கச் சொல்லுங்க” என்று சிரித்தார். தள்ள எங்கே இடம்? அவர் நீட்டிய பிஸ்கட்டை வாங்காமல் வந்துவிட்டேன். வீட்டில் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவியும் அந்தக் கையால் சோறு உண்ண மனம் வரவில்லை.

அம்மா இதைக் கேட்டதும் குடையை எடுத்துக்கொண்டு போய்த் தாயையும் பிள்ளையையும் கூட்டி வந்துவிட்டாள். வெளியாள் தங்கினால் பதிய வேண்டும் என்பதால் ஊர் அலுவலர் கிராமசேவகரிடமும் அவர்கள் பெயரைப் பதிந்துவிட்டோம். அவர்கள் உன் அறையில், உன் கட்டிலில்தான் படுக்கிறார்கள், உன் புத்தகங்களை றங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன், கோபிக்க மாட்டாய் என்று தெரியும்.

உனக்கும் மருமகனுக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம் என்றும் உண்டு. போனை ஒட்டுக்கேட்கிறார்களாம், வாகரைச் சனம் என்றாலே சந்தேகப்படுகிறார்கள், அதனால் போன் எடுக்கும்போது ஊர் நிலைமை எதுவும் கேட்காதே, சுகம் மட்டும் விசாரி. பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டால் யாரென்றும் கேட்காதே.

இப்படிக்கு
உன் அப்பா,
யோகராசா