ரேடியேட்டர் தண்ணீரின் எடை

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடிவிடுங்கள். படித்துவிட்டால் மறந்துவிடுங்கள். அம்மாவிடம் காட்ட வேண்டாம். போலீஸில் கண்டிப்பாக வேண்டாம். அப்பா விமானம் கட்டுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

மேற்கேயிருந்து கச்சான் காற்று. மாடியில் காயப்போட்ட யூனிஃபார்ம் பக்கத்து வீட்டு முருங்கையில். கெமிஸ்ட்ரி ரெகார்டு இன்னும் எழுதவில்லை.

எஞ்சின் முடிவாகிவிட்டது. விமானத்துக்காக அப்பா இரண்டு வாங்கி வைத்திருந்தார். ஒன்று டூ-ஸ்ட்ரோக், நானே தூக்கிவிடுவேன். இன்னொன்று பழைய வேனில் கழற்றியது, நல்ல கனம். அப்பாவுக்குச் சின்னதில்தான் ஆசை. சேவியர் மாமா விடவில்லை. மாமா திரேஸ்புரத்தில் போட் மெக்கானிக்.

“மச்சான், டூ-ஸ்ட்ரோக்கு சொல்லாமக் கொள்ளாம நிக்கும். கடல்ல நின்னா மெதந்துக்கிட்டுக் கெடக்கலாம். மேல நின்னா எதப் புடிச்சுத் தொங்குவீரு?”

அப்பா சிரித்துவிட்டார். வேன் எஞ்சின்.

உப்பளத்தில் மூட்டை நிறுக்கும் தராசில் வைத்தோம். 71 கிலோ. எழுதியது நான். விமானம் முன்பின் சாயாமல் எடை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பாலன்ஸ் கணக்கு முழுவதும் என் பொறுப்பு. ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் போதுமாம்.

ஜூன் 11, புதன்

மாமா ஷெட்டில் எஞ்சின் முதல் தடவை ஓடியது. தண்ணீர் டிரம்முக்குள் ஹோஸைப் போட்டு ஓட்டினார், போட் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது போலவே. காது இன்னும் அடைப்பு.

சாப்பாடு போடும்போது அம்மா: “எனக்கு ஒங்க அப்பா மேலயும் நம்பிக்கை இல்ல, அந்தச் சேவியர் மேலயும் இல்ல. நீ கணக்குப் போட்டிருக்கன்னுதான் சரின்னேன்.”

இரண்டு தோசைதான் இறங்கியது. பெருமையில்.

ஜூன் 13, வெள்ளி

எஞ்சினை விமானத்தில் மாட்டியாயிற்று. மாலை ஷெட்டுக்குப் போனபோது மூக்குக்கு அடியில் புதிதாக ஒரு ரேடியேட்டர். மாமா கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

என் தாளில் ரேடியேட்டர் இல்லை. ஹோஸ் இல்லை. தண்ணீர் இல்லை.

போட் எஞ்சினைக் குளிர்விக்க இதெல்லாம் கிடையாது. கடல் தண்ணீரை இழுத்துக் கடலிலேயே துப்பிவிடும். அதனால் அன்றைக்கு மாமா எஞ்சினை மட்டும் தராசில் ஏற்றினார். நானாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

“மாமா, தண்ணி வெயிட்டு கணக்குல வரலியே.”

“தண்ணிக்கு என்னளா வெயிட்டு? கடலு பூராவும் தண்ணிதான, அதுல போட்டு முங்கியா போச்சு?”

ஷெட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும். நானும் சிரித்து வைத்தேன்.

ஜூன் 14, சனி

மூன்று தடவை கணக்குப் போட்டாயிற்று. ரேடியேட்டர், ஹோஸ், தண்ணீர் சேர்த்து 11 கிலோ. அதுவும் மூக்கு நுனியில். வரைபடத்தின்படி எடையின் மையம் நிற்க வேண்டிய இடம் நாலு விரல் அகலம்தான். புதுக் கணக்கில் அதைத் தாண்டி இரண்டு விரல் முன்னால் போகிறது.

இறங்கும்போது மூக்கு எழும்பாது. முதலில் முன் சக்கரம் தரையில் குத்தும். பிறகு விசிறி. பிறகு அப்பா.

நாளை விடியுமுன் விமானத்தை ஏற்றிப்போக லாரி. விளாத்திகுளம் தாண்டி ஒரு கரிசல் காடு, அறுத்துப் போட்டது, கல் மாதிரி இறுகிக் கிடக்கிறதாம். அங்கிருந்துதான் அப்பா பறக்கப்போகிறார். செவ்வாய்க்கிழமை அப்பா கத்தாருக்குத் திரும்புகிறார். நாளை விட்டால் இனி அடுத்த லீவு, இரண்டு வருஷம்.

மத்தியானம் சொல்லத்தான் போனேன். இறக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். “அப்பா, என் கணக்கு…” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், “அத நம்பித்தானளா ஏறுதேன்” என்றார். அவ்வளவு சந்தோஷமான முதுகை நான் பார்த்ததில்லை. வந்துவிட்டேன்.

என்ன செய்யலாம்:
– பெட்ரோல் குழாயில் மண் போடுவது. (மேலே போன பிறகு நின்றால்? கூடாது.)
– காய்ச்சல் என்று படுப்பது. (அம்மா என்னோடு இருப்பாள், அப்பா போய்விடுவார்.)
– போலீஸுக்கு போன். அப்பாவைப் பிடித்துப்போனால் கத்தார் வேலையும் போகும்.
– சொல்வது.

கடைசி ஒன்றுதான் சுலபம். அதுதான் வரமாட்டேன் என்கிறது. தப்பு செய்தது நான் என்று சொல்ல வேண்டும். அப்புறம் அம்மா எதையுமே நம்ப மாட்டாள்.

ராத்திரி மணி 2.40. அடுப்படியில் சத்தம். ஃபிளாஸ்க்கில் காப்பி ஊற்றுகிறார்கள். அம்மா ஏதோ சொல்ல அப்பா சிரிக்கிறார். மாதாவே, இப்போது எழுந்து போகும் தைரியம் மட்டும்

அப்பா கதவைத் தட்டுகிறார்.

“ஏளா, முழிச்சா இருக்க? லாரி இப்பமே வந்துட்டு. ஒன் பேப்பரக் குடு, சீட்டு முன்னால ஒட்டணும்.”

ரேடியேட்டர் சேர்த்த புதுத் தாளைக் கொடுக்கப்போகிறேன். வாயில் வராவிட்டாலும் கையில் கொடுத்து, அந்த 11-ஐ விரலால் காட்டிவிட வேண்டும். போகிறேன்.