விட்டுப்போன பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி? நான் அனுப்பிய தைலம் அலமாரியிலேயே இருக்கிறதா, காலுக்கும் வந்ததா?

இங்கே எங்கள் பங்குக் கோயிலின் மூன்று நாள் திருவிழா நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பூசை முடிந்ததும், உழைத்தவர்களுக்கு நன்றி சொல்லும் வேலையைப் பங்குச்சாமியார் என் தலையில் கட்டிவிட்டார். நாற்பது பெயர்களை மூச்சுவிடாமல் வாசித்தேன். தாளை மடிக்கும்போதுதான் உறைத்தது: மூன்று நாளும் அண்டா கழுவிய அக்காவை எழுதவே இல்லை! அதற்குள் முன்வரிசையிலிருந்து அவரே எழுந்தார். என்னைக் கைகாட்டிப் பங்குச்சாமியாரிடம் சொன்னார்:

"சாமி, ஒரு பேரு விட்டுப்போச்சு. நாற்காலி அத்தனையும் தூக்கிப் போட்டது இந்தத் தம்பிதான். அதை யாரு சொல்றது?"

"அக்கா, உங்க பேரையும் நான் விட்டுட்டேன்!" என்று மைக்கிலேயே உளறிவிட்டேன். கோயிலே சிரித்தது. அப்பாடா என்றிருந்தது.

பிறகு எங்கள் இருவருக்கும் கைதட்டினார்கள், அம்மா. அக்கா தன் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். நான் யாரைத் திரும்பிப் பார்க்க? தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சட்டைப் பையில் வைக்கிற அளவில் உங்கள் படம் ஒன்று அனுப்புங்கள். வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்