பேனையால் எழுதிய வரி

2012 மார்ச், ஞாயிறு இரவு

இன்று வென்றுவிட்டேன். அதை முதலில் எழுதிவிட வேண்டும்.

புலம்பெயர்ந்த எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், மளிகைக் கடைக்கு மேலே உள்ள அறையில், கடைசிப் போரில் செத்த சனங்களின் பெயர்களைப் பதிந்தார்கள். வெளிநாட்டு விசாரணைக்கு அனுப்பவாம். படிவம் நிரப்பிய அண்ணை நல்ல மனிதர்தான். ஆனால் 'கொன்றது யார்' என்ற இடத்தில், எங்களைக் கேட்காமலே எல்லோருக்கும் 'இராணுவம்' என்று எழுதிக்கொண்டு போனார்.

என் கணவருக்கு அது சரி. ஆமி அடித்த ஷெல்லில்தான் போனார். என் தம்பிக்குச் சரியில்லை.

"அண்ணை, தம்பியைச் சுட்டது எங்கட இயக்கப் பெடியள். நாங்கள் ஆமிப் பக்கம் போக வெளிக்கிட்டதுக்கு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "தெரியும் பிள்ளை. இப்ப இதை எழுதினால் ஆமிக்காரன் தப்பிடுவான்."

"ஏன் தப்பிறான்? அவன் செய்தது மேல் வரியிலை கிடக்குதே. இதையும் எழுதுங்கோ."

எழுதினார், பென்சிலால். பிறகு யாரோ அழித்துவிடுவார்கள் என்று எனக்கா தெரியாது? என் பேனையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நான் எழும்பவில்லை. கடைசியில் பேனையால் எழுதினார்.

எழும்பி வாசலுக்கு நடந்தேன். இனி இந்தத் தெருவில் யார் என்னோடு கதைப்பார்கள் என்று நினைத்தேன். அப்போது, படிவம் கொடுத்துவிட்டு வாசலில் நின்ற, செவ்ரான் ஊரிலிருந்து வந்த அம்மா ஒருவர் கையை நீட்டினார்.

"பிள்ளை, அந்தப் பேனையை ஒருக்காத் தா. என்ர மகளின்ரையையும் திருத்த வேணும்."

அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னாலும்.

பேனையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இதைப் பென்சிலால்தான் எழுதுகிறேன்.