கப்பலில் உன்னைத் தெரியாதவள் போல

மேற்பிரிவு லயம்,
கரவனெல்ல.
13.07.2003

என் பிரியமுள்ள மகன் கிருஷ்ணராஜுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீ எந்தக் கடலில், எந்தத் துறைமுகத்தில் நின்று இதைப் பிரித்தாலும் காய்ச்சல் தடிமன் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று நம் தோட்டத்து மாரியம்மனைக் கும்பிட்டுத் தொடங்குகிறேன். இங்கே அப்பாவும் தங்கச்சி சுதர்ஷினியும் நல்ல சுகம். நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் அடுப்பில் வைத்த சோறு இரண்டு தரம் அடிப்பிடித்துவிட்டது. எதற்கு ஆத்திரம் என்பதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், நீ முதலிலேயே கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும். மழை விடவில்லை, ரப்பர் மரமெல்லாம் நனைந்து நிற்கிறது, பால் வெட்டு இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிந்தது.

நீ அனுப்பிய விமான டிக்கட்டும், கப்பலில் வேலை செய்கிற பிள்ளைகளின் தாய் தகப்பனுக்குக் கம்பனி கொடுக்கிற இடத்துக்கான கடிதமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அடுத்த மாதம் கட்டுநாயக்கவில் ஏறி, சிங்கப்பூரில் இறங்கி, அங்கிருந்து உன் கப்பலில் ஏழு நாள், முழுசாக ஒரு கிழமை என்று சுதர்ஷினி வாசித்துச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவை எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். "தரையில கால் படாத எதுலயும் நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரவள்ளிக் கொல்லைக்குப் போய்விட்டார். அவர் ஊஞ்சலில்கூட ஏறாதவர் என்பது நமக்குத் தெரியாததா. ஆகவே நான் தனியாகத்தான். போய் வந்தவர்களிடம் விசாரித்து வையுங்கள் அம்மா, அவர்கள் அனுபவம் உங்களுக்கு உதவும் என்று நீ எழுதியிருந்தாய். சரியென்று விசாரிக்கப் போனேன், அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

முதலில் வந்தவர் கடைசிக் காம்பரா வீட்டிலிருக்கிற ஐயாவு அண்ணன். நான் அவரைக் கேட்கவே இல்லை, தானாக வந்து வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். அவர் எழுபத்தொன்றில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போய், அங்கே சொந்தக்காரரோடு ஒத்துவராமல் திரும்பி வந்தவர் என்பது உனக்குத் தெரியும். அந்த ஒரு கடலை வைத்துக்கொண்டு இத்தனை வருடமாக இந்த லயத்து வீடுகள் அத்தனையையும் ஆட்டிப்படைக்கிறார். வயிற்றைத் துண்டால் இறுக்கிக் கட்ட வேண்டுமாம், எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இருக்க வேண்டுமாம், கப்பலின் நடுவில் உட்கார வேண்டுமாம், முனையில் உட்கார்ந்தால் குடல் வாய்க்கு வந்துவிடுமாம், எக்காரணம் கொண்டும் தண்ணீரைப் பார்க்கக்கூடாதாம். "ஏண்ணே, தண்ணியப் பாக்காம இருக்கிறதுக்கா இவ்வளவு தூரம் கப்பல்ல போறது?" என்று கேட்டேன். "ஒனக்கு அனுபவம் பத்தாது தங்கச்சி" என்று சொல்லி, சுட்ட ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு, வரும்போது ஒரு நல்ல கம்பளி வாங்கி வா என்று உத்தரவும் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்தது பஸார் துணிக்கடை மக்கீன் முதலாளி. அவர் சரக்கெடுக்கச் சிங்கப்பூருக்கும் பேங்கொக்குக்கும் போய் வருகிறவர், அவர் சொன்னதில் சாரம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பெட்டியின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டு, சுற்றிச் சுற்றி வருகிற நூறு பெட்டியில் நம்முடையது தெரியும் என்றார். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் தவிக்காமல் ஒரு மாற்றுச் சேலையையும் பிரஷர் மாத்திரையையும் கைப்பையிலேயே வை என்றார். விமானம் எழும்பும்போது காது அடைக்கும், டொபி சப்பு, இடையிடையே எழுந்து நட, கால் வீங்காது என்றார். பாக்குவெட்டியைக் கைப்பையில் கொண்டுபோனால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், பெரிய பெட்டிக்குள் வை என்றார். கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றால் இறங்கிப் பார்க்கலாம், ஆனால் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே திரும்பிவிட வேண்டும், அது நம் கரவனெல்ல பஸ் இல்லை, கையைக் காட்டினால் நிற்காது என்றார். இதையெல்லாம் சொன்ன வாயால், சிங்கப்பூரில் இருக்கும் தன் மச்சானுக்கு ஒரு சின்னப் பார்சல் என்று ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார் பார், ரப்பர் சீட் கட்டைப் போலக் கனம். "மத்தவங்கட சாமான ஒருநாளும் கொண்டு போகாதீங்க" என்று நாலு நிமிடத்துக்கு முன்னால் சொன்னவரும் அவர்தான். அந்தப் புத்திமதியை அவர் பார்சலுக்கே பயன்படுத்திவிட்டு வந்தேன்.

நம் தோட்டத்து நிரோஷாவிடம் மட்டும் நானாகப் போய்க் கேட்டேன். நாலு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு, போன தைப்பொங்கலுக்குத்தான் வந்தாள். பிள்ளை மனம் வைத்துத்தான் சொன்னாள். பாஸ்போட்டைத் துணிப்பையில் போட்டுச் சட்டைக்குள் தொங்கவிடுங்கள், யார் எங்கே நிற்கச் சொன்னாலும் நில்லுங்கள், நிமிர்ந்து பார்க்காதீர்கள், எதற்கும் யெஸ் மேடம் என்று சொல்லுங்கள், இரண்டாம் தரம் தண்ணீர் கேட்காதீர்கள், ஏசினால் பேசாமல் இருங்கள் என்றாள். இதுவா மகன் பயண அனுபவம்? விமானத்தில் எப்படிப் போவது என்று கேட்டால், எப்படிக் குனிந்து போவது என்று அந்தப் பிள்ளைக்குப் பழக்கி அனுப்பியிருக்கிறார்கள். அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. பாஸ்போட் படிவம் நிரப்பக் கேகாலையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்குப் போனபோது பட்ட அவமானத்தைத்தான் நினைத்துக்கொண்டேன். அங்கே இருந்தவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நான் வாய் திறக்கும் முன்னாலேயே, "வயச வெடீ அம்மே" என்றான். வீட்டு வேலைக்கு எடுக்க எனக்கு வயது கூடிவிட்டதாம். வேலைக்கு இல்லை, கப்பலில் சுற்றிப் பார்க்கப் போகிறேன், என் மகன் கூப்பிட்டிருக்கிறான் என்று சிங்களத்திலேயே சொன்னேன். பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தான். தோட்டத்துப் பொம்பளை கடல் தாண்டினால் அடுத்தவன் சட்டி கழுவத்தான் தாண்ட வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து சுதர்ஷினியைக் கொண்டே நிரப்பினேன். பாஸ்போட் வந்துவிட்டது, படத்தில் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இவர்களையெல்லாம் விட உன் புத்திமதிதான் நன்றாக இருந்தது என்று வியாழக்கிழமை வரை நினைத்துக்கொண்டிருந்தேன். விமானத்தில் குளிரும், ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், கீழ்த்தட்டில் நடுவில் இருக்கிற அறையாகக் கேட்டிருக்கிறேன், அங்கே ஆட்டம் குறைவு, முதல் நாள் மணியடித்து மிதவைச் சட்டை போடச் சொல்லுவார்கள், பயப்படாதீர்கள், அது ஒத்திகை என்றெல்லாம் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாய். கடைசி வரிக்கு வந்தால், கப்பலில் என்னைக் கண்டால் தெரியாதவர் போல இருங்கள் அம்மா, ஆட்கள் முன்னால் பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், வேலை முடிந்து நானே அறைக்கு வருவேன், இது கம்பனி சட்டம் என்று எழுதியிருந்தாய். சட்டம் என்றால் என்ன செய்வது, பிள்ளை வேலைக்குப் பங்கம் வரக்கூடாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மக்கீன் முதலாளியின் மகன் றம்ஸான் மலையேறி வந்தான். உன் கப்பலில் துணி வெளுக்கிற பகுதியில் இருக்கிறானே, லீவில் வந்திருக்கிறான், நீ கொடுத்தனுப்பிய சொக்லட்டும் சவர்க்காரமும் கொண்டு வந்தான். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, இந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "அப்பிடிச் சட்டம் ஒண்டும் இல்லையேம்மா, போன முறை ஒரு பிலிப்பைன் பொடியன்ட உம்மா வந்தாங்க, கெப்டனோட நிண்டு போட்டோவும் எடுத்தாங்க" என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாப்பாடு பரிமாறுகிற வேலை என்று எழுதி நீ அனுப்பிய படத்தைச் சுவரில் காட்டி, இப்படிக் கறுப்புக் கோட்டுப் போட்டுச் சாப்பாடு பரிமாறுகிறவர்களுக்கு மட்டும் அப்படியொரு சட்டம் இருக்குமோ என்றேன். அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. படம் எடுக்க அந்தக் கோட்டை வெளுக்க வந்த துணியிலிருந்து அவன்தான் எடுத்துக் கொடுத்தானாம். நீ பயணம் வருகிற ஆட்கள் தங்குகிற பக்கத்தில் நடைபாதையும் கக்கூசும் கழுவுகிறாயாம். அவனை ஏசாதே, நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன்.

இப்போது தெரிந்ததா எனக்கு ஏன் ஆத்திரம் என்று? நீ கக்கூஸ் கழுவுவதற்கு இல்லை. ஏஜென்சிக்காரன் சிரித்தான், அவன் யாரோ. நீ என் வயிற்றில் பிறந்தவன், நீயே என்னைப் பார்த்து, தெரியாதவள் போல இரு என்று எழுதலாமா? உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ ஏழாம் வகுப்பில் பரிசு வாங்கிய அன்று. ரப்பர் பால் நிறுத்துப் போட்டுவிட்டு, குளிக்க நேரமில்லாமல் அப்படியே பஸ்ஸில் ஏறினேன். கையெல்லாம் ஒட்டுப்பால் கறுப்பு, சேலையெல்லாம் அந்த நாற்றம், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி எழுந்து போய்விட்டாள், கொண்டக்டர் பின்னால் போய் நிற்கச் சொன்னான். நான் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியிலேயே பலாமரத்தடியில் நின்றுகொண்டேன். உள்ளே வந்தால் உனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். நீ என்ன செய்தாய்? வெள்ளைச் சட்டையோடு ஓடி வந்து, என் கறுப்புக் கையைப் பிடித்து, அத்தனை பேருக்கும் நடுவில் இழுத்துக்கொண்டு போய், "சேர், இது எங்க அம்மா" என்று அதிபர் பெரிய சேரிடம் சொன்னாய். உன் சட்டையில் ஒட்டின பால் கறை கடைசிவரை போகவில்லை. அந்தப் பிள்ளையை நான் எங்கே போய்த் தேடுவது? கடலில் போட்டுவிட்டாயா?

ஆகவே இப்போது என் அனுபவத்திலிருந்து நான் உனக்குப் புத்திமதி சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் வருகிறேன். நீ வேண்டாம் என்று போன் எடுத்தாலும் வருவேன், சிவப்புத் துணிகூடக் கட்டியாகிவிட்டது, அப்பா உடுத்த பழைய சாரத்தின் கரையைக் கிழித்துக் கட்டினேன். பாஸ்போட்டைச் சட்டைக்குள் ஒளிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்துதான் போவேன், தாகம் எடுத்தால் நாலு தரமும் தண்ணீர் கேட்பேன். நான் வருகிற அன்று கோட்டு இரவல் வாங்காதே. பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைக்காதே. என் அறைக் கக்கூசை மட்டும் நீ தொடக்கூடாது, அதை நானே கழுவிக்கொள்வேன், உங்கள் கெப்டன் வந்து கேட்டாலும் இதுதான் பதில். றம்ஸான் சொன்ன அந்தப் பிலிப்பைன் அம்மாவைப் போல எனக்கும் ஒரு படம் வேண்டும். கெப்டன் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், நீ உன் வேலைச் சட்டையோடு என் பக்கத்தில் நிற்க வேண்டும். சுவரில் இருக்கிற கோட்டுப் படத்தைக் கழற்றி வைத்துவிட்டேன், ஆணி காலியாக இருக்கிறது.

இன்னும் ஒன்று. விடியுமுன் நாங்கள் பால் வெட்ட மரத்துக்குப் போனால், பன்றிக்கும் பாம்புக்கும் பயந்து ஒருத்தி 'ஊ' என்று குரல் கொடுப்பாள், அடுத்த மலையில் நிற்பவள் திருப்பிக் குரல் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் கத்தியைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடிப்போய்த் தேடுவோம். நீ சின்னவனாக இருக்கும்போது நான் மேலிருந்து கொடுக்கிற குரலுக்கு லயத்து வாசலில் நின்று தூக்கக் கலக்கத்தோடு பதில் கொடுப்பாய், பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எழும்பிவிட்டான் என்று நான் நிம்மதியாக அடுத்த மரத்துக்குப் போவேன். கப்பலில் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்றாயே, சரி, பேர் சொல்லவில்லை. மேல்தட்டில் நின்று அந்தக் குரலைக் கொடுப்பேன். யார் திரும்பிப் பார்த்தாலும் பார்க்கட்டும்.

மாரியம்மன் உன்னைக் கடலிலும் கரையிலும் காக்கட்டும். அப்பாவும் தங்கச்சியும் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள். ஈரக் காலோடு படுக்காதே, சவர்க்காரத் தண்ணீரில் நின்றுவிட்டு வந்தால் விரல் இடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவு. கையில் எது இருந்தாலும் இருக்கட்டும், குரல் கேட்டால் திருப்பிக் கொடு. பதில் வராவிட்டால் எந்தக் கதவு என்று பார்க்காமல் திறந்துகொண்டு தேடி வருவேன்.

ஆசிகளுடன்,
உன்னைத் தெரிந்த அம்மா,
காத்தாயி