உப்புத் தண்ணீர் சுமந்த அத்தைக்கு

அத்தை,

போன வாரம் கடற்கரை நிலையத்திலிருந்து ஆவடி வண்டியில் வந்துகொண்டிருந்தேன். இராயபுரத்தில் ஒரு பெண் மீன் கூடையோடு ஏறினாள். கூடையை மூடியிருந்த ஈரக் கோணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எதிரில் இருந்த இரண்டு பெண்கள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள். சாமான் ஏற்றத் தனிப் பெட்டி இருக்கிறதே என்று ஒருவர் ஜன்னலிடம் சொல்வதுபோல் சொன்னார். காலியான இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள். கூடையைக் கண்டு விலகிப் போகிறவர்கள்தான் அவளுக்குப் பழக்கம் போலிருக்கிறது. எனக்கோ அந்த ஈரச் சணலும் கடலும் கலந்த வாசனையில் நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். இறங்கி வீட்டுக்கு வந்ததும் எழுதத் தொடங்கிவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் உங்கள் வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை. அதை மறைக்கிற வழக்கம் உங்களிடம் கிடையாது. நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள்; அங்குள்ள தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஒருவரின் மகள். உங்கள் மகன் அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். நீங்கள் சிறுவயதில் அண்ணனூர் வயல்களில் நாற்று நட்டவர். வயல்கள் மனைகளான பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் போல்ட்டுகளைப் பொட்டலம் கட்டினீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு என் அப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். நீங்கள் நிறுத்தவில்லை, அதிகமாக்கினீர்கள். குழம்புக்கு நான் போடும் உப்பிலிருந்து கோலத்துக்கு வைக்கும் புள்ளி வரை எல்லாவற்றுக்கும் உங்களிடம் ஒரு சொல் இருந்தது.

அப்போது நான் நகரத்தில் ஒரு கல்லூரியில் நண்டுகளின் புலன்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஒரு நண்டு தன் உணவை எப்படிக் கண்டுபிடிக்கிறது, கண்ணாலா, மோப்பத்தாலா, தொட்டா என்பதுதான் என் கேள்வி. இதைக் கேட்டதும் நீங்கள் சிரித்துவிட்டீர்கள். உங்களுக்கு நண்டென்றால் மிளகு போட்டு வைக்கிற குழம்பு, அவ்வளவுதான்.

எனக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் துறைக்குப் போனால் என் கண்ணாடித் தொட்டிகள் வராந்தாவில் வெயிலில் கிடந்தன. காற்றடிக்கும் மோட்டாரைப் பிடுங்கியிருந்தார்கள். நண்டுகள் எல்லாம் செத்துவிட்டன. என் வழிகாட்டிப் பேராசிரியர் கோபப்படவில்லை, அத்தை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. மிகவும் அன்பாகப் பேசினார். இந்த நிலையில் பெண்கள் ஓய்வெடுக்க வேண்டும் என்றார். குடும்பப் பொறுப்பு இருக்கிற ஒரு பையனுக்கு அந்த இடம் உதவும் என்றார். அண்ணனூரிலிருந்து தினமும் வந்துபோவது எவ்வளவு சிரமம் என்று எனக்காக வருத்தப்பட்டார்.

செத்த நண்டுகளை ஒரு வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. உங்கள் மகன் நல்லவர்; பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதலாகச் சொன்னார். நீங்கள் வாளியைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், பிறகு அவர் பக்கம் திரும்பினீர்கள்.

"புள்ள பெத்துக்கிறதுக்கும் நண்டு வளக்கிறதுக்கும் இன்னாடா சம்பந்தம்? உன்ன வவுத்துல வெச்சிகினுதான் நான் செங்கல் சொமந்தேன். எவனாவது ஓய்வெடுன்னு சொன்னானா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனோம். பிளாஸ்டிக் குடங்களில் கடல்நீரை நிரப்பி, வாயில் பாலித்தீனை வைத்துக் கயிற்றால் கட்டினீர்கள். உயிர் நண்டுகள் ஈரக் கோணியில். வண்டியில் எல்லாரும் முகம் சுளித்தார்கள். அண்ணனூரில் இறங்கி நாம் நடந்து வந்தபோது குழாயடியில் நின்ற பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஊரே நல்ல தண்ணீருக்குக் குடத்தை வைத்துக்கொண்டு காத்துக் கிடக்கும்போது இந்த அம்மா உப்புத் தண்ணீர் தூக்கிக்கொண்டு வருகிறாளே என்றார்கள். நீங்கள் குடத்தை இறக்கக்கூட இல்லை. உங்கள் வீட்டு நண்டுக்கா தூக்கி வருகிறேன் என்று கேட்டுவிட்டு நடந்தீர்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. விறகையும் உடைந்த சைக்கிளையும் வெளியே தள்ளிவிட்டு எனக்குக் கொடுத்தீர்கள். அதுதான் என் முதல் சொந்த ஆய்வகம். எனக்கு நடக்க முடியாமல் போன மாதங்களில் ஞாயிறுதோறும் நீங்கள் மட்டும் காசிமேட்டுக்குப் போய் வந்தீர்கள். வாரத்தில் உங்களுக்குக் கிடைத்த ஒரே விடுமுறை அது.

இதை எழுதும்போது நம்மைத் தாய்-மகள் போல் காட்டிவிடக் கூடாது. அந்த நாட்களிலும் நாம் சண்டை போட்டோம். இவ்வளவு நண்டு வீட்டில் இருந்தும் குழம்பு வைக்க முடியவில்லையே என்பது உங்கள் நிரந்தரக் குறை.

"தின்னக் கூடாதுன்னா இன்னாத்துக்கும்மே இத்த வளக்குற?" என்பீர்கள்.

ஒருநாள் உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். நண்டின் கண்களைக் கறுப்புத் தாளால் மூடியிருந்தேன். மட்டிச் சிப்பியின் சாற்றில் நனைத்த ஒரு துண்டுத் தாளை இடுக்கியால் பிடித்து, அது நடக்கும் காலின் நுனியில் மட்டும் தொட்டேன். சட்டென்று அந்தக் கால் மடங்கித் தாளை வாய்க்குக் கொண்டுபோனது. வெறும் உப்புத் தண்ணீரில் நனைத்த தாளை வைத்தால் அசையவில்லை. நண்டு காலாலும் ருசி பார்க்கும் என்றேன். நீங்கள் நம்பாமல் இன்னொரு தடவை செய்யச் சொன்னீர்கள். பிறகு உங்கள் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு, நமக்கும் அப்படி இருந்தால் கம்பெனித் தரையில் நடக்கவே முடியாது என்றீர்கள். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

பாப்பா பிறந்து சில வாரங்களில், கோடையில் ஒரு மத்தியானம் மின்சாரம் போனது. மோட்டார் நின்றால் தண்ணீரில் காற்றுக் குறையும், நண்டுகள் செத்துவிடும். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு போய், தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தீர்கள். ஒவ்வொரு தொட்டியாக, மின்சாரம் வரும்வரை. ஊற்றிய நேரம் முழுக்க நண்டுகளையும் என்னையும் மின்சார வாரியத்தையும் திட்டிக்கொண்டே இருந்தீர்கள். ஒரு நண்டுகூடச் சாகவில்லை.

ஆய்வேடு எழுதி முடித்தேன். அதோடு கஷ்டம் முடியவில்லை. இந்த வகை நண்டு பெரும்பாலும் கண்ணை நம்பித்தான் இரை தேடுகிறது என்று என் பேராசிரியர் முன்பே எழுதியிருந்தார். கண்ணை மூடினாலும் அவை தேடிப் பிடிக்கின்றன என்று என் முடிவு சொன்னது. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் உடனே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்னார். எடுக்க மாட்டேன் என்றேன். கொட்டகையில் செய்த சோதனையை யார் நம்புவார்கள் என்று கேட்டார். அப்படியானால் இங்கே ஒரு மேசை கொடுங்கள், மறுபடி செய்து காட்டுகிறேன் என்றேன். மேசையும் கொடுக்கவில்லை, ஆய்வேட்டை அனுப்பவும் இல்லை. மாதக்கணக்கில் அவர் அலமாரியிலேயே கிடந்தது.

ஒரு காலையில் நீங்கள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, இடுப்பில் பாப்பாவோடு என்னுடன் கிளம்பினீர்கள். வேண்டாம் என்று கெஞ்சினேன். காதில் வாங்கவில்லை. துறை வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். மதியம்வரை அவர் எங்களைக் கடந்து போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார். கடைசியில் நீங்களே எழுந்து அறைக்குள் போனீர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நான் அழைத்து வந்த ஆயா என்று நினைத்து, உங்களை வெளியே இருக்கச் சொன்னார்.

"நான் ஆயாதான், இந்தக் கொயந்தையோட அப்பனப் பெத்த ஆயா. இவ மாமியாரு," என்றீர்கள். "எனக்கு நண்டும் தெரியாது, ஒண்ணும் தெரியாது சார். இவ எழுதுனது தப்புன்னா, தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. நாலு பேரு பாத்து சொல்லட்டும். ரைட்டுன்னா அனுப்பு. ரெண்டும் இல்லாம பீரோல வெச்சிப் பூட்டிகினு கீறியே, அது இன்னா நாயம்?"

குரலை நீங்கள் உயர்த்தவே இல்லை. பக்கத்து அறைகளிலிருந்து ஆசிரியர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் என்னிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், உங்களை அழைத்துப் போகும்படி. நான் நகரவில்லை. அதுவரை மனுவும் வேண்டுகோளுமாக அலைந்தவள் நான். அந்த அறையில்தான் எனக்குப் புரிந்தது, நான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது தயவு அல்ல என்று.

தவறு என்று எழுதித் தர அவரால் முடியவில்லை. இனி தாம் வழிகாட்டப் போவதில்லை என்று மட்டும் துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டார். இன்னொரு வழிகாட்டியைத் தேட எனக்கு அதுவே போதுமாக இருந்தது. வேறொரு கல்லூரியில் ஓர் அம்மையார் என்னை எடுத்துக்கொண்டார். கறாரானவர். முக்கியமான சோதனைகளைத் தம் கண்முன் முதலிலிருந்து செய்துகாட்டச் சொன்னார். செய்தேன். மறுபடியும் குடம், கோணி, இராயபுரம், மூக்கைப் பொத்தும் முகங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

வாய்மொழித் தேர்வுக்கு என் பழைய பேராசிரியரும் வந்திருந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இதையெல்லாம் வீட்டில் செய்தீர்களா, ஆய்வகத்திலா? சிலர் சிரித்தார்கள்.

"முதலில் வீட்டில் செய்தேன் ஐயா. பிறகு ஆய்வகத்தில் செய்தேன். இரண்டு இடத்திலும் நண்டு ஒரே மாதிரிதான் நடந்துகொண்டது," என்றேன்.

கடைசி பெஞ்சில் இருந்த உங்களுக்கு ஆங்கிலம் புரியாது. ஆனாலும் வெளியே வந்ததும், அந்த ஆள் முகம் போன போக்கைப் பார்த்தாயா என்று கேட்டீர்கள். ரயில் நிலையம் வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தீர்கள்.

வேலை சுலபத்தில் கிடைத்துவிடவில்லை. கிடைத்த பிறகும் ஆய்வகம் சுலபத்தில் கிடைக்கவில்லை. நண்டிலிருந்து இறாலுக்குப் போனேன், பிறகு கணவாய்க்கு. எங்கே போனாலும், முடியாது என்று வாயால் சொன்னவர்களிடம் எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன். அதனால் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை நான் மறுத்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நீங்கள் படுத்துவிட்டீர்கள். சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். உப்பே கூடாது. கடைசி வாரத்தில் நண்டுக் குழம்பு கேட்டீர்கள். டாக்டர் என்ன சொன்னால் என்ன என்று நான் மிளகு தட்டிப் போட்டு, உப்பும் போட்டு வைத்தேன். ஒரு வாய் வாங்கியதும் உங்கள் முகத்திலேயே தெரிந்துவிட்டது: நாக்கில் ருசி போய்விட்டிருந்தது. ருசியைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கியவளிடம் அதை ஒப்புக்கொள்ள உங்களுக்கு மனம் வரவில்லை.

"இப்பவும் உப்பு பத்தலமே," என்றீர்கள்.

இரண்டு நாளில் போய்விட்டீர்கள். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று உறவுக்காரர்கள் வாசலில் மறித்தார்கள். நான் உங்கள் மகனைப் பார்த்தேன். அவர் ஒதுங்கி வழிவிட்டார். பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கூடவே வந்தேன்.

பல வருஷம் கழித்து நான் ஓய்வு பெற்றபோது பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். பேசியவர் ஒருவர் என்னை உயர்த்திச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, பின்தங்கிய புறநகரில், படிக்காத குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டும், அந்தச் சூழலையெல்லாம் மீறி இந்த அம்மையார் முன்னுக்கு வந்தார் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ஏற்புரைக்கு மாலையும் பொன்னாடையுமாக என்னை எழுப்பி நிறுத்தினார்கள்.

நன்றி சொல்ல எழுதி வைத்திருந்ததை மடித்துவிட்டேன். "ஒரு திருத்தம்," என்றேன். "நான் அண்ணனூரை மீறி வரவில்லை. அங்கேதான் எனக்கு இடம் கொடுத்தார்கள். நான் மீறி வந்தது இதுபோன்ற அறைகளை."

கை தட்டல் வரவில்லை, அத்தை. நான் உட்காரவில்லை. மைக்கைப் பிடித்தபடி, அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன், நீங்கள் அந்தப் பேராசிரியரின் மேசைக்கு முன்னால் நின்றதுபோல.