தேக்கின்காட்டில் காலைச் சுற்று

நவம்பர் 11, திங்கள்

இன்றும் என் வீட்டுக்காரர் சட்டையை மறுபுறமாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். சரிசெய்யப் போனால் கையைத் தட்டிவிட்டார். "நான் என்ன சின்னக் குழந்தையாடி?" மத்தியானம் வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். எதற்குக் கோபம் என்பது மறந்துபோன பிறகும் கோபம். எல்லாம் மறக்கிற மனுஷனுக்கு அதுவும் மறக்கக் கூடாதா?

டாக்டரம்மா மாத்திரையை மாற்றவில்லை. "தினமும் நடக்க வையுங்க ரோஸிலி, நல்லா வேர்க்குற மாதிரி. போன ஞாபகத்தைத் திருப்பித் தரும்னு சொல்லமாட்டேன். இருக்குறது இன்னும் கொஞ்சம் நிக்கும். மனசும் அடங்கும்" என்றார்.

பேக்கரி அடுப்பு முன்னால் ஆயுசு முழுக்க வேர்த்தவர் என் தேவஸ்ஸி. இப்போது வேர்வைதான் மருந்தாம்.

நவம்பர் 13, புதன்

விடிந்ததும் தேக்கின்காடு மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். இழுத்து என்றால் இழுத்துத்தான். பாதிச் சுற்றில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவர் எழ மாட்டேன் என்றார். காலையில் நடக்க வருகிற கூட்டத்தில் ராவுண்ணி இருந்தார், எங்களுக்குப் பழக்கமானவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "தேவஸ்ஸியேட்டா, எந்திரிங்க! டபுள் பெல் அடிச்சாச்சு, வண்டி கிளம்புது!" உடனே எழுந்துவிட்டார். பொண்டாட்டி சொன்னால் மட்டும் காது கேட்காது.

நடக்கும்போது கேட்டார்: "லின்ஸி போன் பண்ணாளா?"

பண்ணினாள், நைட் டூட்டியாம் என்றேன். ராவுண்ணியும் விடவில்லை. "அயர்லாந்துல இப்ப பயங்கரக் குளிராம்!" என் பொய்க்கு மைதானத்திலும் ஆள் சேர்ந்துவிட்டது.

என் மகள் போய் இரண்டு வருடம். அங்கே ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்து கார் ஓட்டி வரும்போது விபத்து. நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்குப் பெட்டியில் வந்தாள். முதல் பிடி மண் போட்டது இவர்தான். அது இவரிடம் இல்லை. முதல் தடவை "லின்ஸி எங்கே" என்று கேட்டபோது உண்மையைச் சொன்னேன். அப்போதுதான் கேள்விப்பட்டவராகத் தரையில் விழுந்து புரண்டார். மறுநாள் திரும்பவும் அதே கேள்வி. பெற்றவரிடம் பிள்ளையை எத்தனை தடவை சாகடிப்பது? அதிலிருந்து அவள் டூட்டியில் இருக்கிறாள்.

நவம்பர் 21, வியாழன்

மழை. திட்டினார். நடந்தோம்.

டிசம்பர் 5, வியாழன்

நன்றாகத் தூங்குகிறார். சட்டை நேராக இருக்கிறது. கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. இன்று டீக்கடையில், நான் வாய் திறப்பதற்குள், "அவளுக்குச் சீனி போடாத, சுகர்" என்றார். என் சுகர் ஞாபகம் இருக்கிறது!

திரும்பும்போது, "கல்யாணத்தன்னிக்கும் நீ இப்படித்தான் ஊர்ந்து வந்தே. வேகமா நடடி" என்றார். சிரித்தேன். சத்தமாகச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

டிசம்பர் 15, ஞாயிறு

பரணிலிருந்து கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை அவரே இறக்கினார். துடைத்துக்கொண்டே, "போன கிறிஸ்துமஸுக்கும் லின்ஸி வரலையே. அதுக்கு முந்தியும் வரல. லீவு குடுக்காத ஆஸ்பத்திரி என்ன ஆஸ்பத்திரி?" என்றார்.

இது நான் எதிர்பார்க்காதது. தெளிகிறது, நல்லது — தெளிந்து தெளிந்து எங்கே போய் நிற்கும்? அந்தக் குழிக்கு முன்னால்தானே? அங்கேயா நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன்?

டிசம்பர் 17, செவ்வாய்

மைதானத்து நடுவில் இருக்கிற கோவிலின் தெற்குக் கோபுரத்துக்கு எதிரே சட்டென்று நின்றுவிட்டார். சத்தமே இல்லாமல் கண்ணீர். என்ன என்றதற்கு, "ஒண்ணுமில்ல, தூசி" என்றார். சாயங்காலம் சிரித்த முகமாக வந்து கேட்கிறார், லின்ஸி போன் பண்ணாளா என்று.

டிசம்பர் 18, புதன்

முட்டி வலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். வலியெல்லாம் இல்லை. இனி நடையும் இல்லை. மறந்தபடியே சுகமாக இருக்கட்டும்.

ஜனவரி 2, வியாழன்

ராவுண்ணி வந்தார். "என்ன சேச்சி, வண்டி ஷெட்டை விட்டே வெளிய வரல?" முட்டி என்றேன். அவர் நம்பவில்லை, ஆனாலும் தலையாட்டினார்.

கிறிஸ்துமஸ் வந்தது, போயிற்று. இவர் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே இருக்கிறார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். நேற்று என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்க வீடு எங்க இருக்கு?" என்றார். உங்க! இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது என்னை அப்படி மரியாதையாகக் கூப்பிட்டிருக்கிறாரா? கர்த்தாவே, அந்த ஒரு 'டி'யைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

லின்ஸியைப் பற்றிக் கேட்பதில்லை. அதைத்தானே வேண்டினேன், பாவி நான்?

ஜனவரி 9, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதிவிட வேண்டும்.

காலையில் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். எந்தக் காலுக்கு எது என்று தெரியவில்லை. "போகணும்." எங்கே? "அங்க." முட்டி வலி என்றேன். "பொய் சொல்லாதடி" என்றார்.

டி!

போனோம். முதலில் யாரையும் தெரியவில்லை அவருக்கு. நெற்றியில் வேர்வை வந்தது, முதுகில் சட்டை ஒட்டியது. அதே கோபுரத்துக்கு எதிரே நின்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"லின்ஸி செத்துட்டா. இல்ல?"

ராவுண்ணி பக்கத்தில் இருந்தார். "அயர்லாந்துல இப்ப—" என்று ஆரம்பித்தார்.

"சும்மா இருடா ராவுண்ணி" என்றார் இவர். பிறகு என்னிடம், மெதுவாக: "நடக்குறப்ப தெரியுது. மண்ணு போட்டது தெரியுது. வீட்டுக்குப் போனா எல்லாம் போயிடுது. அன்னிக்கு இங்க நின்னப்பவே தெரிஞ்சுது ரோஸிலி. உங்கிட்ட சொல்லல. நீதான் தினமும் 'போன் பண்ணா, போன் பண்ணா'ன்னு சொல்லிட்டே இருந்தே. உனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன். சொன்னா நீ தாங்கமாட்டேன்னு..."

எனக்காக மறைத்திருக்கிறார். என்னைக் காப்பாற்றியிருக்கிறார், இந்த மனுஷன்!

"என்னை நடத்திட்டுப் போடி. ஜன்னல்கிட்ட உக்காந்தா எனக்கு மகளே இல்ல. செத்தவளாவது வேணும்."

அங்கேயே இரண்டு பேரும் உட்கார்ந்தோம். இரண்டு வருடமாக அடுப்படியில் தனியாக அழுதவள், பட்டப்பகலில், ஊர் பார்க்க, அவர் மடியில் விழுந்து அழுதேன். ராவுண்ணி ஆட்களை அந்தப் பக்கமாகத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 3, திங்கள்

நடந்தோம். எட்டாம் வகுப்பில் லின்ஸி மீன்குழம்பைக் கருக்கிவிட்டு, சட்டியைக் கிணற்றடியில் ஒளித்து வைத்த கதையைச் சொன்னார். எனக்கே அது மறந்திருந்தது. சிரித்தோம். பிறகு அழுதோம். ராவுண்ணி டீ வாங்கிக்கொண்டு வந்தார், எனக்குச் சீனி இல்லாமல்.

வீட்டுப் படி ஏறும்போது வேர்வை காய்ந்திருந்தது. "லின்ஸி போன் பண்ணாளா?" என்று கேட்டார்.

"பண்ணா. நாளைக்குக் காலையில மைதானத்துக்கு வர்றாளாம்."

சரி என்று உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.